நினைவு யாருடையது?

ஒரு நடிகர் இறந்துபோனால், அவரை ஒருநாளும் நேரில் கண்டிராதவர்கள் துக்கப்படுகிறார்களே, அது துக்கம்தானா, துக்கத்தின் பாவனையா என்ற கேள்வியை நான் வெகுகாலம் பொருட்படுத்தியதில்லை. பாவனைதான் என்று சுலபமாக முடிவுகட்டி வைத்திருந்தேன். ‘கொலம்போ’ என்ற துப்பறியும் போலீஸ்காரனாக அமெரிக்க டெலிவிஷனில் வந்துகொண்டிருந்த பீட்டர் ஃபால்க் 2011 ஜூன் 23 அன்று பெவர்லி ஹில்ஸில் தமது 83-ஆம் வயதில் இறந்தபோது அந்த முடிவை நான் கைவிட வேண்டியதாயிற்று. எனக்கும் துக்கமாக இருந்தது என்பது மட்டும் காரணமில்லை. அந்தத் துக்கத்தில் நேர்மையற்றது ஏதோ கலந்திருப்பதாக உறுத்திக்கொண்டிருந்தது. வெறும் பாவனை என்று ஒதுக்கிவிட்டால் அந்த உறுத்தலுக்கு விளக்கம் இல்லை.

உறுத்தலின் வேர் 2009-இல் இருக்கிறது. அந்த வருஷம் ஜூன் மாதம், தம்மைத் தாமே கவனித்துக்கொள்ள முடியாத நிலைக்கு வந்துவிட்ட ஃபால்க்குக்குக் காப்பாளர் நியமிப்பது பற்றிய வழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் நீதிமன்றத்தில் நடந்தது. மறதி நோய் முற்றியிருந்தது. தாம் கொலம்போவாக நடித்ததுகூட அவருக்கு இப்போது நினைவில்லை என்று அவரைப் பார்த்த டாக்டர்களில் ஒருவர் தெரிவித்தார். இதைப் படித்ததும் எனக்குள் முதலில் எழுந்தது இரக்கம் இல்லை, மனத்தாங்கல். ‘அதைப் போய் எப்படி மறக்கலாம்?’ என்ற மாதிரி ஒன்று. வேறு எதை மறந்திருந்தாலும் – குடியிருந்த தெருவை, சொந்தப் பெயரை – பரவாயில்லை, இதை மறந்திருக்கக் கூடாது என்று மனம் பேரம் பேசியது. ஒரு நோயாளியிடம் எனக்கு வரவேண்டிய பாக்கி ஏதோ இருப்பது போலவும், அதைத் தீர்க்காமலே அவர் கணக்கை மூடிவிட்டது போலவும். இந்த எண்ணம் எவ்வளவு அசிங்கமானது என்று உறைக்கச் சில நாட்கள் ஆயின.

கொலம்போவை அறியாதவர்களுக்குச் சிறிது சொல்ல வேண்டும். 1968-இல் ‘பிரிஸ்கிரிப்ஷன்: மர்டர்’ என்ற டெலிவிஷன் படத்தில் தொடங்கி, 1971 முதல் 1978 வரை ஒரு நிறுவனத்துக்கும், 1989 முதல் 2003 வரை இன்னொன்றுக்குமாக மொத்தம் 69 கதைகளில் ஃபால்க் இந்த வேஷத்தில் வந்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸில் லெஃப்டினன்ட். கசங்கிய மழைக்கோட்டு, பாதி புகைத்த சுருட்டு, ஓட்டை உடைசலான ஒரு பழைய பேஜோ கார், சதா பேசப்பட்டும் நம் கண்ணில் படாத ஒரு மனைவி. கதையின் முதல் பகுதியிலேயே கொலை நம் கண்முன் நடந்துவிடுகிறது. கொலையாளி யாரென்று நமக்குத் தெரியும். பணமும் படிப்பும் செல்வாக்கும் உள்ளவன். அதன் பிறகுதான் இந்த ஆள் வருகிறான். தடுமாறிக்கொண்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, போவதாகச் சொல்லி வாசல்வரை போய், திரும்பி வந்து இன்னொன்று கேட்டுக்கொண்டு. ‘குற்றமும் தண்டனையும்’ நாவலில் வரும் போர்ஃபிரி பெத்ரோவிச்சுக்குத் தங்கள் கடனை இவனைப் படைத்த ரிச்சர்ட் லெவின்ஸன், வில்லியம் லிங்க் இருவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

‘யார் செய்தது?’ என்ற கேள்வி இல்லாத துப்பறியும் கதையை எதற்காகப் பார்க்கிறோம்? முடிவு தெரிந்தும் ஒரே கதையைப் பத்துத் தடவை பார்ப்பதில் என்ன இருக்கிறது? ஆவல் அல்ல, சகவாசம். அவன் எப்போது வருவான் என்று காத்திருக்கிறோம், வந்ததும் நிம்மதியாகிறோம். கூத்துப் பார்க்கப் போகிறவனுக்குக் கதை தெரியாமலா போகிறான்? தெரிந்த ஆளைத் திரும்பப் பார்க்கும் சந்தோஷம் அது. இந்த ரசிகர்களின் துக்கத்தைச் சினிமா நட்சத்திரத்துக்கான கும்பல் ஓலத்தோடு சேர்க்க எனக்கு மனம் வராததற்கும் இதுவே காரணம். இவர்கள் ஒரு தெய்வத்தை இழக்கவில்லை. வழக்கமாக வந்துபோகும் ஒருவனை இழந்தார்கள்.

ஆனால் ‘ஒருவனை’ என்று எழுதும்போதே பிரச்னை தொடங்கிவிடுகிறது. இந்தக் கட்டுரையில் ஃபால்க்கை ‘அவர்’ என்றும் கொலம்போவை ‘அவன்’ என்றும் எழுதிவருகிறேன். யோசித்துச் செய்ததல்ல, தமிழ் தானாகவே அப்படிப் பிரித்துக்கொண்டது. நடிகர் மரியாதைக்குரிய அந்நியர். பாத்திரம் நமக்கு வேண்டிய பயல். ஆங்கிலத்தில் இருவருக்கும் ஒரே சொல்தான். இறந்தது யார் என்று கேட்டால் தமிழ் இலக்கணம் உடனே பதில் சொல்லிவிடுகிறது: அவர் இறந்தார், அவன் இறக்கவில்லை. 69 கதைகளும் இருக்கின்றன. அவன் இன்றும் வாசலிலிருந்து திரும்பி வருகிறான். அப்படியானால் ரசிகன் இழந்தது என்ன?

இலக்கணத்தின் பதில் போதாது. ஃபால்க்குக்கு முன்பே கொலம்போ இருந்தான். 1960-இல் டெலிவிஷனில் பெர்ட் ஃப்ரீட் என்பவரும், 1962-இல் மேடையில் தாமஸ் மிச்சலும் அந்தப் பாத்திரத்தை ஏற்றிருக்கிறார்கள். மிச்சல் அதே வருஷக் கடைசியில் இறந்தார், ஃப்ரீட் 1994-இல். கொலம்போ போய்விட்டான் என்று அப்போது யாரும் அழவில்லை. பாத்திரத்தைப் படைத்த லெவின்ஸன் 1987-லும் லிங்க் 2020-லும் இறந்தபோதுகூட இல்லை. ஆக, துக்கம் பாத்திரத்துக்காக அல்ல. ஃபால்க் என்ற மனிதருக்காக மட்டுமா என்றால் அதுவும் இல்லை. ஜான் கசாவட்டீஸின் ‘எ வுமன் அண்டர் தி இன்ஃப்ளுயன்ஸ்’ (1974) படத்தில், மனம் பிறழ்ந்துகொண்டிருக்கும் மனைவியை நேசிக்கவும் தெரியாமல் விடவும் தெரியாமல் அடித்தும் அணைத்தும் தவிக்கும் தொழிலாளியாக அவர் வருகிறார். அவருடைய கலையின் உச்சம் என்று நான் கருதுவது அதை. அவர் இறந்தபோது ரசிகர்களின் நாவில் திரும்பத் திரும்ப வந்தது அந்தத் தொழிலாளி அல்ல, கோட்டும் சுருட்டும்தான், காலமான தகப்பனாரோடு உட்கார்ந்து பார்த்த ஞாயிற்றுக்கிழமை இரவுகள்தான்.

இவை இரண்டும் இல்லை. இரண்டும் ஒட்டிய இடம் ஒன்று இருக்கிறது. அந்த மழைக்கோட்டு ஃபால்க்குடையது – நியூயார்க்கில் ஒருநாள் மழையில் மாட்டிக்கொண்டபோது கடைக்குள் நுழைந்து தமக்காக வாங்கியது. அதைத்தான் பாத்திரத்துக்குப் போட்டுவிட்டார். மூன்று வயதில் புற்றுநோய்க்காக அவருடைய வலது கண்ணை எடுத்துவிட்டார்கள்; கண்ணாடிக் கண். கொலம்போ தலையைச் சாய்த்து ஒருமாதிரியாகப் பார்க்கிறானே, நாம் மிகவும் நேசிக்கும் அந்தப் பார்வை ஒரு குழந்தையின் இழப்பிலிருந்து வந்தது. அதை எந்த எழுத்தாளனும் எழுதவில்லை. நடிகர் தம்மிடமிருந்து எடுத்துக் கொடுத்ததும் எழுத்தாளர்கள் இட்டுக்கட்டியதும் பிரிக்க முடியாதபடி கலந்த ஒன்றையே நாம் பெற்றுக்கொண்டோம். கொடுத்தவர் கடைசியில் தாம் கொடுத்ததை மறந்தார். பெற்றவர்களிடம் அது இருக்கிறது.

இந்த இடத்தில் எனக்கு ஒரு கதை நினைவுக்கு வருகிறது. ஃபால்க்கின் கடைசி வருஷங்களுக்கு முப்பது வருஷத்துக்கும் முன்னால், அவரே நடித்தது. 1975 செப்டம்பரில் ஒளிபரப்பான ‘ஃபர்காட்டன் லேடி’. கிரேஸ் வீலர் என்ற முன்னாள் நட்சத்திரம் மீண்டும் மேடையேற விரும்புகிறாள். வயதான கணவர், ஓய்வுபெற்ற டாக்டர், பணம் தர மறுக்கிறார். தற்கொலை என்று தோன்றும்படி அவரைக் கொன்றுவிட்டு, வீட்டிலுள்ள திரையில் தன்னுடைய பழைய படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதில் கிரேஸாக நடித்தவர் ஜேனட் லீ. திரையில் ஓடுவது அவரே 1953-இல் நடித்த நிஜமான படம். கொலம்போ வழக்கம்போல உண்மையைக் கண்டுபிடிக்கிறான். கூடவே இன்னொன்றையும். அவள் மூளையில் குணப்படுத்த முடியாத கோளாறு இருக்கிறது. சில வாரங்களோ ஒன்றிரண்டு மாதங்களோதான் உயிரோடு இருப்பாள். கணவர் பணம் தர மறுத்ததற்குக் காரணம் அது. அவளிடம் சொல்லாமல் மறைத்ததும் அவள் மீதிருந்த அன்பால். இப்போது அவளுக்குத் தான் கொன்றதே நினைவில்லை. கொலம்போ சாட்சியங்களை அடுக்கும்போது அவள் கண் திரையில் இருக்கிறது. அவளோடு ஒருகாலத்தில் ஆடிய நெட் என்ற பழைய நண்பன், நான்தான் கொன்றேன் என்று பொய்யாக ஒப்புக்கொள்கிறான். இந்த வாக்குமூலம் சீக்கிரமே உடைந்துவிடும் என்கிறான் கொலம்போ. உடையக் கொஞ்ச காலம் ஆகுமே என்கிறான் நெட். ஆகலாம் என்று கொலம்போவும் ஏற்றுக்கொள்கிறான். அந்தக் காலம் போதும், அவள் இறப்பதற்கு.

ஜான் லாக், தமது நூலின் இரண்டாம் பதிப்பில் (1694) சேர்த்த அத்தியாயத்தில், ஒரு ஆளை அதே ஆளாக இருத்துவது உடம்பல்ல, பிரக்ஞையின் தொடர்ச்சியே என்றார். ‘ஆள்’ என்பதே அவருக்கு வழக்குமன்றத்துச் சொல்: செய்ததற்குப் பொறுப்பேற்க வேண்டியவன் யார் என்று தீர்மானிக்க உதவுவது. குடிபோதையில் செய்ததை நினைவில்லை என்பவனை மனிதச் சட்டம் தண்டிக்கிறது, மறதி உண்மையா பொய்யா என்று அதனால் அறிய முடியாது என்பதால். எல்லா மனங்களும் திறந்து கிடக்கும் இறுதித் தீர்ப்பில் தான் அறியாத ஒன்றுக்காக யாரும் பதில் சொல்ல வேண்டியிராது என்று அவர் கருதினார். கொலம்போ செய்தது, மனிதச் சட்டத்தின் ஊழியனாக இருந்துகொண்டு அந்த இன்னொரு மன்றத்தின் தீர்ப்பைச் சில வாரங்களுக்கு அமல்படுத்தியதுதான்.

லாக்கின் கருத்தை அப்படியே ஏற்றால் 2009-இல் இருந்த ஃபால்க் கொலம்போவாக நடித்தவர் அல்ல. நாம் அஞ்சலி செலுத்தியது தவறான ஆளுக்கு. இங்கே தாமஸ் ரீட் 1785-இல் குறுக்கிட்டுச் சொன்ன உதாரணம் உதவுகிறது. தோட்டத்தில் திருடியதற்காக அடிபட்ட சிறுவன் பின்னாளில் போரில் எதிரியின் கொடியைக் கைப்பற்றும் அதிகாரியாகிறான், முதுமையில் தளபதியாகிறான். அதிகாரிக்கு அடிபட்டது நினைவிருக்கிறது. தளபதிக்குக் கொடி நினைவிருக்கிறது, அடிபட்டது மறந்துவிட்டது. அப்படியானால் தளபதி அந்தச் சிறுவன்தானா இல்லையா? நினைவை மட்டும் வைத்துச் சொன்னால் இரண்டும் உண்மையாகிவிடும், அது அபத்தம். ரீட் சரி என்றே எனக்குப் படுகிறது. நினைவு ஒரு மனிதரை நாம் அறியும் வழி, மனிதரே அல்ல. மறந்துபோன ஃபால்க்கும் ஃபால்க்தான். அந்த மறதியும், வேறு எந்த நடிப்பையும் போல, அவருடைய வாழ்க்கையில் சேர்ந்தது.

ஆனால் இது தத்துவ வகுப்பில் முடிந்துவிடக்கூடிய விஷயம் இல்லை. எங்கள் பெரியம்மா கடைசி மூன்று வருஷம் இதே நிலையில் இருந்தாள். வருகிறவர்கள் எல்லோரும் கட்டிலருகே குனிந்து முதலில் கேட்பது ஒன்றுதான்: “நான் யாரு, தெரியுதா?” தெரியாவிட்டால் மறுபடி கேட்பார்கள். குறிப்புக் கொடுப்பார்கள், குரலை உயர்த்துவார்கள். நானும் கேட்டிருக்கிறேன். பிறந்ததிலிருந்து என்னை ‘வாடா’ என்றே கூப்பிட்டவள், ஒருநாள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, “வாங்க, உக்காருங்க, சாப்ட்டீங்களா?” என்றாள். அவளுடைய உபசாரத்தில் எந்தக் குறையும் இல்லை. குறை எனக்குத்தான். அவள் மனதில் எனக்கிருந்த இடம் என்னுடைய சொத்து என்று நினைத்திருந்தேன். நாங்கள் கட்டிலருகே நடத்தியது விசாரணை. அன்பின் பெயரால் நடந்ததால் எங்களுக்கு அது தெரியவில்லை. 2009-இல் அந்தச் செய்தியைப் படித்து ஃபால்க் மீது எனக்கு வந்த மனத்தாங்கலும் இதே கேள்விதான்: நான் யார், தெரிகிறதா? உங்கள் ரசிகன்.

கிரேஸ் வீலர் கதையில் என்னைத் தொடுவது கொலம்போவின் இரக்கம் மட்டும் அல்ல. அவன் விசாரணையை நிறுத்துகிறான். 69 கதைகளிலும் அவனுடைய அறம், மற்றவர்கள் மறந்துவிடுவார்கள் என்று எண்ணியதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்வது. நினைவைத் திரும்பக் கொண்டுவந்து குற்றவாளியின் முன் வைப்பது. இந்தக் கதையில் மட்டும், முழு உண்மையும் தெரிந்த பிறகு, அதை அவளிடமிருந்து வசூலிக்காமல் விடுகிறான். உண்மையை அவன் விட்டுக்கொடுக்கவில்லை. அவனுக்கும் தெரியும், நெட்டுக்கும் தெரியும். அவளுக்காக அவர்கள் இருவரும் அதைச் சுமக்கிறார்கள், அவள் மீது ஏற்றாமல். இதே கதையில் ஒரு வேடிக்கை இருக்கிறது: பல வருஷமாகத் துப்பாக்கிப் பரீட்சைக்குப் போகாத கொலம்போ கடைசியில் தன் பெயரில் வேறொருவரை அனுப்பிவிடுகிறான். சிரித்துவிட்டு மறந்துவிடுகிறோம். பிறகுதான் தெரிகிறது, கதை முழுவதும் ஒருவருக்குப் பதில் இன்னொருவர் நிற்பதைப் பற்றியது என்று. நடிப்பும் அதுதானே?

இதற்கு ஒரு வலுவான ஆட்சேபணை உண்டு, அதை நான் மறைக்கக் கூடாது. கொல்லப்பட்ட கணவர் என்ன ஆனார்? அவளைக் காப்பாற்றவே மறைத்தவர், அதற்காகவே செத்தவர். கடைசிக் காட்சியின் கனிவில் அவருக்காகக் கண்ணீர் விட்டவர் யார்? கொலம்போ ரசிகர்கள் கொலையாளிகளையெல்லாம் பெயர் சொல்லி நினைவுகூர்வார்கள், நடித்த நட்சத்திரங்களோடு. செத்தவர்களை நினைப்பவர்கள் குறைவு. நேசம் நினைவில் வைப்பது போலவே ஒதுக்கவும் செய்கிறது. ஆகவே ரசிகனின் நினைவை ஏதோ புனிதமான காப்பகம் என்று நான் சொல்ல வரவில்லை. அவன் தன் தகப்பனாரையும் தன் இளமையையும் ஃபால்க்கின் கோட்டுக்குள் வைத்து நினைக்கிறான். புடாபெஸ்ட் நகரில் ஃபால்க் என்ற பெயருள்ள ஒரு தெருவில் – 19-ஆம் நூற்றாண்டு அரசியல்வாதி ஒருவரின் பெயரிலானது அது – 2014-இல் வெண்கலச் சிலை ஒன்று வைத்தார்கள். தெருவின் பெயர்ப் பொருத்தம் நடிகருக்கு. சிலை கொலம்போவுக்கு, நாயோடும் கோட்டோடும். ரசிகனின் நினைவு இயங்கும் விதத்துக்கு இதைவிடச் சரியான உதாரணம் எனக்குக் கிடைக்காது.

இந்தக் குறையை வைத்துக்கொண்டே நான் வந்து சேர்ந்த முடிவு சாதாரணமானது. நினைப்பவனுக்கு உரிமை இல்லை, கடமைதான் உண்டு. கடமை இரண்டு. முழுமையாக நினைப்பது ஒன்று: கொலம்போவோடு அந்தத் தொழிலாளியையும், 2009-இன் முதியவரையும், வசதியில்லாத பகுதிகளையும் சேர்த்து. ‘அவர் மறந்தால் என்ன, கொலம்போ சாகமாட்டான்’ என்று எழுதுவது அந்த முதியவரை இரண்டாம் தடவை மறப்பது. மற்றது, நினைத்ததற்கான பதிலை நினைக்கப்பட்டவரிடம் கேட்காமலிருப்பது. அவர் நமக்கு யார் என்பது நம்மிடம் இருக்கிறது. நாம் அவருக்கு யார் என்று அறிய அவர் கடன்பட்டவர் இல்லை. அறிவு தெளிவாக இருந்த நாளிலேயே இல்லை.

விம் வெண்டர்ஸின் ‘விங்ஸ் ஆஃப் டிஸையர்’ (1987) படத்தில் ஃபால்க் தாமாகவே வருகிறார், பெர்லினுக்குப் படப்பிடிப்புக்கு வந்த நடிகராக. தெருவில் எதிர்ப்படும் பையன்கள் இவர் கொலம்போவா என்று வியக்கிறார்கள். அவர் முன்பு தேவதூதராக இருந்து, எல்லாவற்றையும் பார்த்து எல்லாவற்றையும் அறிந்திருந்த அந்த நித்தியத்தை, ஒரு கோப்பைக் காபிக்கும் குளிரில் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொள்வதற்கும் ஈடாக விட்டுவந்தவர் என்று பிறகு தெரிகிறது. ஒரு காபிக் கடையில், தன் பக்கத்தில் ஒரு தேவதூதர் நிற்பதை உணர்கிறார். பார்க்க முடியவில்லை, ஆனாலும் வெறும் காற்றை நோக்கிப் பேசிக் கையை நீட்டுகிறார். அந்தக் காட்சியை முன்பெல்லாம் ஃபால்க்கின் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது மற்ற பக்கத்திலிருந்து பார்க்கிறேன். நாம் அங்கேதான் நிற்கிறோம்: அவரைப் பற்றி எவ்வளவோ அறிந்துகொண்டு, அவர் கண்ணுக்குத் தெரியாமல். தேவதூதர், நான் யார் தெரிகிறதா என்று கேட்பதில்லை. நீட்டிய கையைப் பற்றிக்கொள்கிறார்.

பெரியம்மா சாப்பிட்டீர்களா என்று கேட்டபோது நான் பதில் சொல்லாமல், “நான்தான் பெரியம்மா, தெரியலையா?” என்றே திரும்பக் கேட்டேன். சாப்பிட்டாச்சு என்று சொல்லியிருக்கலாம்.